பழைய லெகோவை இணையத்தில் விற்கிறீர்களா? ‘முழு செட்’ என்று போடும் முன்...

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், லெகோ பெட்டி அலமாரியில் சும்மா கிடக்கிறது. கெரோசல், முடா, ஃபேஸ்புக் என்று எதிலாவது விற்றுவிடலாம் என நினைக்கிறீர்கள். படம் எடுத்தாச்சு. விளம்பரத்தில் ‘முழு செட்’ என்று எழுதப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

‘முழு செட்’ என்றால் என்ன? துண்டுகள் எல்லாம் இருந்தால் போதும் என்பது உங்கள் கணக்கு. வாங்குபவரோ குட்டி பொம்மைகள், வழிகாட்டிப் புத்தகம், பெட்டி எல்லாமே வரும் என்று எதிர்பார்ப்பார். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.

‘99 விழுக்காடு இருக்கு’ என்பதும் உதவாது. 2017-இல் வெளிவந்த 75192 எண் கொண்ட மில்லெனியம் ஃபால்கனில் 7,541 துண்டுகள். அதில் ஒரு விழுக்காடு என்றாலே 75 துண்டுகள்!

எடை போட்டுப் பார்ப்பதையும் நம்பாதீர்கள். ஒரு குட்டி பொம்மையின் தலைக்கவசம் காணாமல் போனால் சமையலறைத் தராசுக்குத் தெரியாது. மொத்த எண்ணிக்கையும் ஏமாற்றும். சின்னத் துண்டுகளில் சில உபரியாகவே பெட்டியில் வரும். அவற்றையும் சேர்த்து எண்ணினால் கணக்கு சரியாக வரும், ஆனால் முக்கியமான ஒன்று இருக்காது. நம்பகமான வழி, புத்தகத்தைப் பார்த்து ஒருமுறை கட்டிப் பார்ப்பதுதான். புத்தகம் தொலைந்ததா? லெகோ இணையத்தளத்தில் இலவசமாகவே பதிவிறக்கலாம். லெகோ 2019-இல் வாங்கிய பிரிக்லிங்க் தளத்தில் செட் எண்ணைத் தட்டினால், துண்டுப் பட்டியல் நிறத்தோடு கிடைக்கும்.

வேறு நிறுவனத் துண்டைச் செருகியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அசல் துண்டின் குமிழ்களில் லெகோ பெயர் பொறித்திருக்கும். வாங்குபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

விளம்பரம் இப்படி இருக்கட்டும்: ‘புத்தகம் பார்த்துக் கட்டிச் சரிபார்த்தது. சாம்பல் நிறத் தட்டு 2 இல்லை. பொம்மைகள் அனைத்தும் உண்டு, ஒன்றின் கை விரிசல். பெட்டி இல்லை.’ எண்ண நேரமில்லையா? ‘சரிபார்க்கவில்லை’ என்று எழுதி விலையைக் குறையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டமும் இதில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். பழைய பொருள் என்பதால் மட்டும் தப்ப முடியாது. இதையே வியாபாரமாகச் செய்பவர் மீது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை வரம்பு 50,000 ரிங்கிட்.

கிள்ளானிலிருந்து கூரியரில் அனுப்பினால், கட்டும் முன் எல்லாவற்றையும் பரப்பிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேஎல் சென்ட்ரலில் நேரில் கொடுப்பதாக இருந்தாலும் குறைப் பட்டியலை முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ரயிலுக்கு ஓடும் கூட்டத்தின் நடுவே நின்று யாரும் 7,541 துண்டுகளை எண்ணப் போவதில்லை.