உடனொளிர்வு
'ஃபுளோரசன்ஸ்' என்ற சொல்லை 1852இல் உருவாக்கியவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். ஓப்பல் கல்லிலிருந்து 'ஓப்பலசன்ஸ்' வந்ததுபோல, ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமத்திலிருந்து இதை எடுத்தார். அந்தக் கனிமப் பெயரின் வேரோ 'ஓடு' என்று பொருள்படும் லத்தீன் வினை. உலையில் தாதுவோடு அதைச் சேர்த்தால் கசடு இளகி ஓடும். ஆக, சொல்லின் வேரில் ஒளியே இல்லை! நம் 'உடனொளிர்வு' அதைவிடத் தெளிவு: ஒளி பட்டவுடன் ஒளிரும், நிறுத்தினால் நானோ வினாடிகளில் அணையும். அணையாமல் நீடித்தால் அது நின்றொளிர்வு. உமிழும் ஒளியின் அலைநீளம் பட்ட ஒளியினுடையதைவிடப் பொதுவாக நீளம். இந்த இடைவெளியை நம்பித்தான் உடனொளிர்வு நுண்ணோக்கி வடிவமைப்பவர்கள் இரண்டு வடிகட்டிகள் வைக்கிறார்கள்: எடுத்துக்காட்டாக, ஒன்று மாதிரிக்கு நீல ஒளியை அனுப்பும், மற்றது அந்த நீலத்தைத் தடுத்து, மாதிரி உமிழும் பச்சையை மட்டும் கேமராவுக்கு விடும்.