தெருமுனை பப்: யாருடைய சொத்து?

இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் பிறந்து வளர்ந்த வயதானவர்கள் தங்கள் பழைய தெருவைப் பற்றிச் சொன்னதையும் எழுதியதையும் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பள்ளிக்கூடம், தேவாலயம், ஆலைச் சங்கு, அம்மா கழுவிவைத்த வாசற்படி என்று வரிசையாக வரும். அந்த வரிசையில் தெருமுனை பப் கட்டாயம் இருக்கும். அதைப் பற்றிச் சொல்லும்போது "எங்கள் பப்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். இந்த "எங்கள்" என்ற சொல்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். ஏனென்றால் பத்திரத்தில் அந்த பப் அவர்களுடையதாக இருந்ததே இல்லை.

பப் என்பதை மதுக்கடை என்று மொழிபெயர்த்தால் பாதிப் பொருள்தான் வரும். "பப்ளிக் ஹவுஸ்" என்பதன் சுருக்கம் அது. பொது வீடு. பல இடங்களில் அது நிஜமாகவே வரிசை வீடுகளில் ஒரு வீடுதான். முன்னறையில் வியாபாரம், மாடியில் நடத்துபவரின் குடும்பம். 1830-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பீர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் இரண்டு கினி கட்டணம் செலுத்தி லைசென்ஸ் வாங்கினால் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம். ஜின்னைக் குடித்து மக்கள் சீரழிகிறார்கள், பீர் என்றால் பரவாயில்லை என்பது அன்றைய எண்ணம். சில ஆண்டுகளிலேயே பல்லாயிரம் பீர் வீடுகள் முளைத்துவிட்டன. 1869-ல் நீதிபதிகளின் கட்டுப்பாடு திரும்ப வரும்வரை கிட்டத்தட்ட இஷ்டம்போலத்தான். தொழிலாளர் தெருக்களில் ஏன் முனைக்கு ஒரு பப் இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடிப்பதைத் தவிர அங்கே என்னென்ன நடந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வாரக் கூலியையே பப்பில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. கூலி வாங்கிய கையோடு பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். 1883-ல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. சந்தேக மரண விசாரணைகள் கூட பப்பின் மாடியில் நடந்தன. வேறு தகுந்த இடம் இருந்தால் அங்கேதான் நடத்த வேண்டும் என்று 1902-ல் சட்டம் வந்தது. சவ அடக்கச் செலவுக்குச் சேமிக்கும் சங்கம், கிறிஸ்துமஸ் சீட்டு, புறாப் பந்தயக் குழு, தொழிற்சங்கக் கிளை எல்லாவற்றுக்கும் கூடுமிடம் பப்தான். ஒண்டுக்குடித்தனத்தில் பத்துப் பேரைக் கூட்டி உட்காரவைக்க வேறு இடம் ஏது? குழந்தைகளும் வருவார்கள், அப்பாவுக்கு ஜாடியில் பீர் வாங்கிப்போக. வழியில் இரண்டு வாய் குடித்துவிடுகிறார்கள் என்ற கவலையில் 1901-ல், 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூடி முத்திரையிட்ட பாத்திரத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. (இந்தச் சட்டங்களை எழுதியவர்கள் யாரும் அந்தத் தெருக்களில் வசித்தவர்கள் இல்லை. ஆனால் தெருவைப் பற்றி நமக்குத் தெரிவதில் பாதி அவர்கள் போட்ட தடைகளிலிருந்துதான் தெரிகிறது.)

1930-களின் கடைசியில் "மாஸ் அப்சர்வேஷன்" என்ற ஆய்வுக் குழுவினர் போல்டன் என்ற பஞ்சாலை நகரத்துக்குப் போய், மாதக்கணக்கில் பப்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். யார் எங்கே உட்காருகிறார், ஒரு கிளாஸைக் காலி செய்ய எத்தனை நிமிடம், எதைப் பற்றிப் பேச்சு, எல்லாம். 1943-ல் அது "தி பப் அண்ட் தி பீப்பிள்" என்ற புத்தகமாக வந்தது. வீட்டையும் வேலை செய்யும் இடத்தையும் விட்டால் மக்கள் அதிக நேரம் கழிக்கும் கட்டிடம் பப்தான் என்பது அவர்கள் கண்டது. அதோடு இன்னொன்றையும் கண்டார்கள். பப்புக்குள்ளேயே ஒரு படிநிலை. ஒரு அறை ஆண்களுக்கு மட்டும், தரையில் விரிப்பு கிடையாது, பெரும்பாலும் நின்றுகொண்டே குடிக்க வேண்டும். அடுத்த அறையில் மெத்தை நாற்காலி, பியானோ. மனைவியை அழைத்து வந்தால் அங்கே போகலாம். அதே பீருக்கு அங்கே ஒரு பென்னி கூடுதல். சால்ஃபோர்டில் மூலைக்கடைக்காரரின் மகனாக வளர்ந்த ராபர்ட் ராபர்ட்ஸ் 1971-ல் எழுதிய "தி கிளாசிக் ஸ்லம்" என்ற புத்தகத்தில் தெருவுக்குள்ளேயே எத்தனை ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதைக் கொஞ்சமும் இனிப்புப் பூசாமல் சொல்லியிருப்பார். நினைவுகளைப் படிக்கும்போது இந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

"எங்கள்" என்ற சொல்லுக்கு ஒரு வேலியும் இருந்தது. பர்மிங்ஹாம் நகரை அடுத்த ஸ்மெத்விக்கின் வார்ப்பட ஆலைகளில் வேலை செய்ய 1950-களில் பஞ்சாபிகள் வந்து குடியேறினார்கள். ஒரே உலைமுன் வெந்து, ஒரே சங்குக்கு வெளியே வந்தவர்கள்தான். ஆனால் பப்பில் சில அறைகளில் அவர்களுக்கு பீர் கிடையாது. சிலவற்றில் உள்ளே விடுவதே கிடையாது. இந்தியத் தொழிலாளர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக்குக்கு வந்து, சங்கத்தின் அவதார் சிங் ஜவுலுடன் "புளூ கேட்ஸ்" என்ற பப்புக்குள் போனார். அவர்களுக்கும் அந்த அறையில் ஊற்றித்தர மறுத்தார்கள். அதன்பின் பத்து நாளுக்குள் மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டின் கடைசியில் பப், ஹோட்டல் போன்ற பொது இடங்களில் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது. "அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி" என்று எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, சொத்து விஷயத்துக்கு வருவோம். 1886-ல் கின்னஸ் நிறுவனம் பங்குச் சந்தையில் இறங்கிப் பெரும் பணம் திரட்டியது. அதைப் பார்த்து மற்ற பீர் ஆலைகளும் பங்கு விற்றன. வந்த பணத்தில் பப்களைப் போட்டி போட்டு வாங்கின. வாங்கிய பப்பில் தங்கள் பீரைத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. இதைக் "கட்டுண்ட பப்" முறை என்று சொல்லலாம். நடத்துபவர் வாடகைதாரர். கட்டிடம், லைசென்ஸின் எதிர்காலம், பீப்பாய் விலை எல்லாம் ஆலை கையில். இதில் நல்லதும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆலைக்காரனுக்கு பீர் விற்றாக வேண்டும். பீர் விற்க பப் திறந்திருக்க வேண்டும். லாபம் குறைந்த பப்பைக் கூட இழுத்துக்கட்டி நடத்தினான். தெருவின் தேவையும் ஆலையின் கணக்கும் ஒரு நூறு வருஷம் ஒத்துப்போனது. யார் சொந்தக்காரர் என்று கேட்கவேண்டிய அவசியமே தெருவுக்கு வரவில்லை.

முதல் அடி தெருவுக்கே விழுந்தது. 1950-களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகள் நகராட்சிகள் பழைய வரிசை வீடுகளை இடித்துத் தள்ளின. சால்ஃபோர்டிலும் மான்செஸ்டரின் ஹியூமிலும் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள்: சுற்றிலும் செங்கல் குவியல், நடுவில் ஒற்றைப் பல் போல ஒரு பப். குடித்தவர்கள் எல்லாம் ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். அங்கே தனிக் குளியலறை, தோட்டம் எல்லாம் உண்டு. பப் மட்டும் அத்திபூத்தாற்போல. லண்டனின் பெத்னல் கிரீனிலிருந்து அப்படி இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி மைக்கேல் யங்கும் பீட்டர் வில்மாட்டும் 1957-ல் எழுதினார்கள். புது வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிட்ட குடும்பங்களை அதில் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொலைக்காட்சியில் 1960 முதல் ஓடிய "கோரனேஷன் ஸ்ட்ரீட்" தொடரின் மையமே ஒரு தெருமுனை பப்தான்.

இரண்டாவது அடி லண்டன் அலுவலகத்திலிருந்து வந்தது, அதுவும் நல்ல எண்ணத்தோடு. ஆறு பெரிய ஆலைகள் நாட்டின் பீரில் சுமார் முக்கால் பங்கைத் தயாரித்து, பப்களையும் ஆயிரக்கணக்கில் கையில் வைத்திருந்தன. இது போட்டியைக் கெடுக்கிறது என்று ஏகபோக ஆணையம் சொன்னது. 1989-ல் "பீர் ஆணைகள்" வந்தன. 2,000-க்கு மேல் பப் வைத்திருக்கும் ஆலை, அதற்கு மேற்பட்டதில் பாதியை விற்க வேண்டும் அல்லது பீர் நிபந்தனையிலிருந்து விடுவிக்க வேண்டும். வாடகைதாரர்களே வாங்கிக்கொள்வார்கள், புதுப்புது பீர் வரும் என்றெல்லாம் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. பீரே காய்ச்சாத, பப் கட்டிடங்களை மட்டும் வாங்கிக் குவிக்கும் நிறுவனங்கள் முளைத்தன. ஆணை பீர் ஆலைகளுக்குத்தானே? இவர்களுக்கு உச்சவரம்பு இல்லை. பஞ்ச் டாவர்ன்ஸ், என்டர்பிரைஸ் இன்ஸ் என்ற இரண்டும் 2000-களின் நடுவில் ஆளுக்கு 8,000-க்கு மேல் பப் வைத்திருந்தன. எல்லாம் கடன். வாங்கிய கடனுக்கு வட்டி, வாடகையிலிருந்தும் வெளிச்சந்தையை விட அதிக விலைக்கு வாடகைதாரர் தலையில் கட்டும் பீரிலிருந்தும் வர வேண்டும். வராவிட்டால் கட்டிடத்தை விற்றுவிடலாம். வரலாற்றில் முதல் முறையாக, பப்பின் சொந்தக்காரருக்கு அது மூடுவதும் லாபமாக ஆனது. என்னைக் கேட்டால் வீழ்ச்சியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

வழக்கமாகச் சொல்லும் மற்ற காரணங்களும் உண்மைதான். 2006-ல் ஸ்காட்லாந்திலும் 2007-ல் மற்ற பகுதிகளிலும் வந்த புகைத் தடை. 2008 முதல் ஐந்தாண்டுகள் பணவீக்கத்தை மிஞ்சி ஏறிய பீர் வரி. பல்பொருள் அங்காடியின் மலிவு பீர். 2010-களின் நடுவில் பப்பில் விற்பதை விட வெளியில் விற்பது அதிகமாகிவிட்டது. 2020-ன் பெருந்தொற்றுப் பூட்டு, 2022-ன் மின்கட்டணம். 2000-ல் சுமார் 60,000 ஆக இருந்த பப்கள் 2023 வாக்கில் சுமார் 45,000 ஆகிவிட்டன. 2009-ன் முதல் பாதியில் வாரத்துக்கு 52 மூடின. ஆனால் புகைத் தடையால் நலிந்த பப்பும் ஒரு காலத்தில் பப்பாகவே தொடர்ந்தது உண்டு. இப்போது அது அடுக்குமாடி வீடாகவோ சிறு அங்காடியாகவோ மாறியது. 2017 வரை இங்கிலாந்தில் பெரும்பாலான பப்களைக் கடையாக மாற்றவோ இடிக்கவோ திட்ட அனுமதி கூடத் தேவைப்படவில்லை.

லண்டன் மைதா வேலில் இருந்த கார்ல்டன் டாவர்ன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1920-களின் தொடக்கத்தில் கட்டியது. குடியிருப்பாக மாற்றக் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவிக்கலாமா என்ற பரிசீலனை நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஏப்ரலில் உரிமையாளர் இயந்திரத்தை விட்டு இடித்துவிட்டார். அக்கம்பக்கத்தார் விடவில்லை. இருந்தபடியே திரும்பக் கட்டு என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி உத்தரவு போட்டது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 2021 ஏப்ரலில் அது மறுபடி திறந்தது. இடித்தவரே கட்ட வேண்டிவந்தது என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

"எங்கள்" என்ற சொல்லைப் பத்திரத்திலேயே ஏற்றியவர்களும் உண்டு. கம்ப்ரியாவில் ஹெஸ்கட் நியூமார்க்கெட் கிராமத்தார் 2003-ல் "ஓல்ட் கிரவுன்" பப்பைக் கூட்டுறவாக வாங்கினார்கள். 2011-ன் உள்ளாட்சிச் சட்டம், ஊர் மக்கள் மதிக்கும் கட்டிடத்தைச் சமூகச் சொத்தாகப் பட்டியலிட வழி செய்தது. பட்டியலில் இருந்தால், விற்பனைக்கு வரும்போது ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம். தென்கிழக்கு லண்டனின் நன்ஹெட்டில் "ஐவி ஹவுஸ்" 2012-ல் மூடப்பட்டபோது இந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2013-ல் 8,10,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். கடனும் மானியமும் போக 371 பேர் பங்கு எடுத்தார்கள். ஆனால் பங்கு எடுக்கக் கையில் காசு வேண்டும், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். அது இல்லாத குடியிருப்புகளில் ஆறு மாதம் சும்மா கழிந்து போகும்.

ஸ்மெத்விக், வெஸ்ட் பிராம்விச் பக்கம் நடந்தது இன்னொரு மாதிரி. ஆலைகள் மூடி, பழைய வாடிக்கையாளர்கள் குறைந்து, பப்கள் நொடித்தபோது, அவற்றை எடுத்து நடத்த முன்வந்தவர்களில் பலர் பஞ்சாபிகள். ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பெயர்ப் பலகையைக் கூடப் பலர் மாற்றவில்லை. சிங்கமும் கிரீடமும் அப்படியே தொங்குகின்றன. உள்ளே தட்டில் தந்தூரிக் கோழியும் மீனும் சீக் கபாபும் வெங்காயத்தோடு புகைந்துகொண்டே வருகின்றன. "தேசி பப்" என்று பெயர். சனிக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்ததும் வெள்ளைக்காரத் தாத்தாக்களும் அங்கேதான் போய் உட்காருகிறார்கள்.