கேட்கப்படாத சுவை: அரிய அராபிகா ரகங்கள் பிழைத்த விதம்

அரிய அராபிகா ரகங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சுவையில் தொடங்கி விலையில் முடிகிறது. சுவைக்காகவே இவை தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இந்த ரகங்களின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. நோயைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும் என்றுதான் இவற்றில் பலவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவை கூடவே வந்தது. ஆகவே, ஒரு ரகத்தின் பயன் தெரிந்த பிறகே அதைக் காக்கலாம் என்ற கொள்கை காப்பிக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கெய்ஷா இதற்கு முதற்சான்று. எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளில் 1930-களில் திரட்டிய விதை, கென்யா, டான்சானியா ஆய்வு நிலையங்களைக் கடந்து 1953-இல் கோஸ்டாரிகாவின் துரியால்பா ஆய்வு மையத்தை அடைந்தது. அங்கே அதற்கு டி.2722 என்று எண்ணிட்டார்கள். இலைத்துரு நோயைத் தாங்கும் என்பதற்காக 1960-களில் பனாமா விவசாயிகளுக்குக் கன்றுகள் போயின. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கிளை சட்டென்று முறியும், காய்ப்பும் குறைவு. அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற மரங்களின் பழம் மற்ற ரகங்களோடு ஒரே சாக்கில் சேர்ந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

போக்கெட்டே மலைப்பகுதியில் பீட்டர்சன் குடும்பத்தாரின் லா எஸ்மெரால்டா எஸ்டேட்டில் பூஞ்சை நோய் பரவியபோது, பாதிப்பின்றி நின்ற மரங்கள் கண்ணில் பட்டன. அப்போதும் நோயை மனத்தில் கொண்டே அவற்றை 1,600 மீட்டருக்கும் மேலான சரிவுகளில் நட்டார்கள். பின்னர் ஒவ்வொரு பகுதிப் பழத்தையும் தனித்தனியே பறித்துச் சுவைத்தபோது இந்த ரகத்தின் மணம் வெளிப்பட்டது. 2004-இல் பனாமாவின் சிறந்த காப்பிக்கான போட்டியில் அது வென்றது. ஏலத்தில் பவுண்டு 21 டாலருக்குப் போனது.

சுவைத்தேர்வு எளிய காரியம்தான். இளவறுவலாக வறுத்துக் கொரகொரப்பாக அரைத்த தூளின் மேல் வெந்நீர் ஊற்றி நான்கு நிமிடம் விடுவார்கள். மேலே திரளும் தூள்படலத்தைக் கரண்டியால் விலக்கும் அந்தக் கணத்தில் மூக்கைக் கிண்ணத்தருகே கொண்டுபோக வேண்டும். பல ரகங்களில் வறுத்த கடலையும் வெல்லமும் கோகோவும் கலந்த வாசம் எழும். உயரத்தில் விளைந்த கெய்ஷாவிலோ மல்லிகையும் பெர்கமாட் என்னும் நாரத்தை இனப் பழத்தின் தோல்மணமும் வரும். அதே கெய்ஷாவைத் தாழ்ந்த நிலத்தில் நட்டால் இந்த மணம் மங்கிப்போகிறது. ரகம் தருவது வாய்ப்பை மட்டுமே. அதை வெளிக்கொணர்பவை உயரமும் பக்குவமான பறிப்பும் பதப்படுத்தலும். விற்பனையாளர்கள் இதைச் சொல்லத் தவறுவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி.

கென்யாவின் எஸ்.எல்.28 கதையும் இதுவே. 1930-களில் ஸ்காட் ஆய்வுக்கூடம் வறட்சி தாங்கும் செடிகளைத் தேடியபோது கிடைத்தது அது. கருநிறப் பெர்ரிப் பழத்தின் புளிப்புக்காக இன்று அதைத் தேடி வாங்குகிறார்கள்.

நம் பக்கம் வருவோம். 1869-இல் இலங்கையில் அறியப்பட்ட இலைத்துரு, தமிழ்த் தொழிலாளர் உழைத்த காப்பித் தோட்டங்களை அழித்து அங்கே தேயிலைக்கு வழிவிட்டது. தென்னிந்தியத் தோட்டங்களையும் அது விடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர்ப் பகுதியில் கென்ட் என்ற தோட்டக்காரர், துருவைத் தாங்கி நின்ற செடியிலிருந்து விதையெடுத்தார். அதுவே கென்ட்ஸ் ரகம். துருப்பூஞ்சையின் புதிய வகைகள் அதையும் வென்றுவிட்டன. பிறகு லைபீரிக்கா இனத்தின் கலப்புள்ள எஸ்.288-உடன் கென்ட்ஸைச் சேர்த்து, பாலேஹொன்னூர் ஆய்வு நிலையம் 1940-களில் எஸ்.795-ஐ வெளியிட்டது. இந்தோனேசியாவிலும் அது பரவியது. இன்று நல்ல சுவைக்குப் பெயர்பெற்ற இந்த இரண்டும் துருவுக்கு அஞ்சி உருவாக்கப்பட்டவையே. நம் வீடுகளில் சிக்கரி கலந்த டிகாக்‌ஷனில் பாலை ஊற்றித் திடத்தையே பார்க்கிறோம். எந்த ரகம் என்ற கேள்வி அங்கே எழ வழியில்லை.

குறைந்த காய்ப்புள்ள செடியைச் சிறு விவசாயி ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சுமையை அவர்மேல் மட்டும் ஏற்றக் கூடாது. ஆனால் அராபிகா தன்மகரந்தச் சேர்க்கையில் பெருகும் இனம்; ஏமன் வழியாக வெளியேறிய சில விதைகளின் வழித்தோன்றல்களே உலகத் தோட்டங்களில் மிகுதி. அதன் மரபுவளம் மிகக் குறுகியது. நெல்லைப் போலக் காப்பி விதையை உலர்த்தி உறைகுளிரில் நீண்டகாலம் வைக்கவும் முடிவதில்லை. மரமாகவே மண்ணில் நிறுத்திக் காக்க வேண்டியிருக்கிறது. வெட்டிய மரத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

சேர்வராயன், பழனி மலைகளில் பழைய கென்ட்ஸ் அல்லது எஸ்.795 மரங்கள் வைத்திருப்போர், மறுநடவுக்கு முன் அந்தப் பகுதிப் பழத்தை ஒரு பருவமாவது தனியே பறித்து, தனியே உலர்த்தி, சுவைத்தேர்வுக்கு அனுப்புங்கள். காப்பி வாரியம் அதன் செலவை ஏற்று, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.