இளையோரின் கண் அழற்சியும் விழித்திரை மேற்படலமும்

விழித்திரை மேற்படலம் என்பது விழித்திரையின் மீது, குறிப்பாகக் கூர்பார்வைக்குரிய மாக்குலா பகுதியில், தழும்புபோல வளரும் மெல்லிய சவ்வு ஆகும். இது சுருங்கும்போது அடியிலுள்ள விழித்திரையும் மடிப்பு விழுந்த துணிபோல ஆகிறது. நேர்கோடுகள் வளைந்து தெரியும், எழுத்துகள் மங்கும். பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தோரிடம் காணப்படும் இச்சவ்வு, இளையோரிடம் தோன்றினால் யூவைட்டிஸ் எனப்படும் உட்கண் அழற்சி, காயம் போன்ற காரணங்களைத் தேட வேண்டும்.

வரலாறு

1865இல் இவானோஃப் இச்சவ்வை விவரித்தார். ஆயினும் அதை அகற்றும் வழி நூறாண்டுகளுக்குப் பின்னரே பிறந்தது. 1970களில் ராபர்ட் மாகெமர், கண்ணின் உள்ளே நிறைந்துள்ள கூழ்மத்தை நுண்கருவியால் அகற்றும் விட்ரெக்டமி அறுவையை உருவாக்கினார். அதன் பின்னரே சவ்வை உரித்தெடுப்பது இயன்றது. 1991இல் அறிமுகமான ஓ.சி.டி. ஒளிப்படமுறை, சவ்வையும் விழித்திரை வீக்கத்தையும் கண்ணைத் தொடாமலே காட்டியது.

புதுச்சேரியில்

பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய ஜிப்மரின் வேர். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் புதுச்சேரிக் கிளை, 2003இல் தவளக்குப்பத்தில் அமைந்தது. யூவைட்டிசுக்கு ஸ்டீராய்டு அளவைக் குறைக்க உதவும் மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் ஆகிய மருந்துகளை ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வில் மதுரை, கோயம்புத்தூர் கிளைகளுடன் இக்கிளையும் பங்கேற்றது. 216 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. விலை கூடிய மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட்டை விடச் சிறந்ததாக நிறுவப்படவில்லை. மாதக்கணக்கில் மருந்து வாங்க வேண்டிய ஏழைக் குடும்பங்களுக்கு இம்முடிவு முக்கியமானது.

பார்வை மீட்சி

சவ்வை உரித்தால் மட்டும் பார்வை திரும்பிவிடாது. அழற்சி அடங்காத கண்ணில் அறுவை செய்தால் அழற்சி பெருகலாம். சவ்வு மீண்டும் வளரலாம். எனவே முதலில் மருந்தால் அழற்சியை அடக்குவர். மாக்குலா வீக்கம், கண்புரை, கண் நீர் அழுத்தம் ஆகியவையும் பார்வையைக் குறைப்பதால் அவற்றையும் கவனிப்பர். ஒளியுணர் செல்கள் சிதையாதிருந்தால் மீட்சிக்கு வாய்ப்பு அதிகம். பார்வை ஓரளவு நன்றாகவே இருந்தால் அறுவையின்றிக் கண்காணிப்பதும் உண்டு.

சிறுவர்களிடம் காலமே பெரிய சிக்கல். ஒரு கண் நன்றாகத் தெரிந்தால், மற்றது மங்குவதைக் குழந்தை உணர்ந்து சொல்வதில்லை. பார்வை வளரும் வயதில் மங்கிய கண்ணை மூளை புறக்கணிக்கப் பழகினால், பின்னர் சவ்வை அகற்றினாலும் முழுப்பார்வை கிட்டாது. ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடி எழுத்துப் பலகையைப் படிக்கச் செய்யும் எளிய பள்ளிப் பரிசோதனை இக்குறையைக் காலத்தே வெளிக்கொணர உதவும்.