எழினி முதல் அட்டைத் திரை வரை



ஆண்டு விழாவன்று மணி ஒலித்துத் திரை விலகும் அந்தக் கணத்தை நாம் அனைவரும் அறிவோம். முன்வரிசைக் குழந்தைகள் மூச்சடக்கி இருப்பர். பின்வரிசையில் ஊர்க்கதை பேசும் பெரியோரும் பேச்சை நிறுத்துவர். ஆயினும், அந்தத் திரைக்கு ஒரு வரலாறு உண்டு என்று எண்ணுவோர் சிலரே. நானும் எண்ணியவன் அல்லன். எங்கள் வீட்டு உணவு மேசையில் எழுந்த ஒரு வழக்கே என்னை இதில் இழுத்துவிட்டது.

என் மகனும் நம் ஜனக்புரியைச் சேர்ந்த அவன் நண்பர் நால்வரும் சனிக்கிழமை மாலைகளில் கூடி ஒரு விளையாட்டு ஆடுகின்றனர். அதில் ஒருவன் ஆட்டத் தலைவன். ஏனையோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் திருடனாகவும் சொல்லளவில் வேடம் பூண்டு, அவன் கூறும் கதைக்குள் புகுகின்றனர். பூட்டிய கதவின் பின்னே இருப்பது புதையலா பூதமா என்பது தலைவன் ஒருவனுக்கே தெரியும். வீரனின் வாள் வீச்சுப் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். தன் வரைபடங்களையும் குறிப்புகளையும் பிறர் காணாதிருக்கத் தலைவன் தன் முன்னே மடிப்பு அட்டையால் ஆகிய ஒரு திரையை நிறுத்திக்கொள்கிறான்.

என் மகன்தான் அந்தத் தலைவன். ஒரு மாலை நண்பன் ஒருவனுடைய வீரன் கதையில் மாண்டுபோனான். “திரைக்குப் பின்னால் நீ உருட்டிய பகடையை யார் கண்டார்? பொய் சொல்லுகிறாய்” என்று கூறிவிட்டு அப்பிள்ளை எழுந்து சென்றான். மூன்று வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சிறு வயது முதல் ஒன்றாகப் பள்ளிக்குச் சென்றவர்கள் அவர்கள். மகன் என்னிடம் வந்து, “அப்பா, வேறு திரை வாங்கவேண்டும். எது நல்லது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றான்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரை. ஆயினும், மறைப்புக்குப் பின்னால் அமர்ந்திருப்பது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே முன்பதிவுச் சாளரத்தின் கண்ணாடிக்கு உட்புறம் இருப்பவன் நான். “காத்திருப்போர் பட்டியல்” என்று கூறியதும் எதிரே நிற்பவர் என் முகத்தைப் பார்க்கும் பார்வையை நான் அறிவேன். ஆகவே மகனுக்கு விடை கூறுமுன், நம் முன்னோர் திரையை எவ்வாறு கையாண்டனர் என்று தேடலானேன்.

முதற்கண் கிடைத்தது சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவுகள் கூறப்படுகின்றன. 24 விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையது அவ்வரங்கு. அங்கே மூவகைத் திரைகள் இருந்தன. ஒரு பக்கத்திலிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் கூடுவது பொருமுக எழினி. மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகளை அமைத்தனர் என்றும் இளங்கோவடிகள் கூறுகிறார். எதை மறைக்க வேண்டும் என்று திட்டமிட்டவர்களே, எது மறைந்துவிடக் கூடாது என்றும் கவலைப்பட்டார்கள். 1892-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அடியார்க்கு நல்லார் உரையுடன் இந்நூலைப் பதிப்பித்திராவிடில், இச்செய்திகள் நம்மில் பலருக்கு எட்டாமலே போயிருக்கும்.

அடுத்தது தெருக்கூத்து. வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த அன்பர்கள் இதை நேரிற் கண்டிருப்பர். துரியோதனன் வரும்பொழுது இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பர். மேலே கிரீடமும் கீழே சலங்கை கட்டிய கால்களும் தெரியும், முகம் தெரியாது. திரைக்குப் பின்னிருந்தே மன்னன் தன் பெருமையைப் பாடுவான். பார்ப்போர் ஆவல் பொங்கும் வேளையில் துணி விலகும். இதில் கருதத்தக்கது, கட்டியக்காரன் நிற்கும் இடம். வருகிறவர் யார் என்று கேட்பவனும், கதையை இணைத்துச் செல்பவனும், இடையிடையே நகைப்பூட்டுபவனும் அவனே. ஏறக்குறைய என் மகன் செய்யும் வேலைதான். ஆனால் அவன் திரைக்கு வெளியே, மக்களின் கண்ணெதிரே நிற்கிறான்.

மூன்றாவது தோற்பாவைக் கூத்து. இங்கே நிலைமை வேறு. ஆட்டுவிப்பவர் முழுவதும் வெள்ளைத் திரையின் பின்னே இருப்பார். இராமனும் இராவணனும் அனுமனும் அவர் குரலிலேயே பேசுவர். கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களை அடுத்துள்ள கூத்துமாடங்களில், நீண்ட திரையின் பின்னே 21 விளக்குகள் வரிசையாக எரிய, கம்பராமாயணப் பாடல்களைக் கொண்டு இக்கூத்து இன்றும் நிகழ்கிறது. அக்கலையைப் பேணிவரும் கே. கே. இராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தாரிகன் என்னும் அசுரனோடு போரிட்டிருந்தமையால் காளி இராவண வதத்தைக் காணவில்லையாம்; அவள் காண்பதற்காகவே இக்கூத்து என்பது ஐதிகம். எதிரே மனிதர் ஒருவரும் இல்லாத இரவிலும் கலைஞர் ஒரு காட்சியையும் குறைப்பதில்லை. திரைக்குப் பின்னால் இருப்பவனுக்கு வேண்டிய நேர்மைக்கு இதனினும் சிறந்த சான்று நான் காணேன்.

இனி, மேசை விளையாட்டுக்கு வருவோம். 1824-இல் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், படைத் தலைவர்களின் பயிற்சிக்காக வரைபடத்தின்மீது ஆடும் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். இரு தரப்பின் இருப்பிடமும் நடுவர் ஒருவருக்கே முழுதும் தெரியும். இழப்புகளை அவர் பகடையின் துணையால் கணக்கிடுவார். 1899-இல் ஹென்றி மைக்கேல் டெம்பிள் என்னும் ஆங்கிலேயர் இதே கருத்தைச் சதுரங்கத்தில் புகுத்தினார். எதிரியின் காய்களைக் காணாமலே இருவரும் ஆடுவர்; நடுவர் மட்டும் யாவும் காண்பார். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டனர். என் மகன் ஆடுவது இவ்வழி வந்ததே. 1979-இல் அதன் வெளியீட்டாளரே ஆட்டத் தலைவனுக்கான அட்டைத் திரையை அச்சிட்டு விற்றனர். அதன் உட்புறத்தில் அடிக்கடி பார்க்கவேண்டிய கணக்குப் பட்டியல்கள் இருந்தன. எனவே அது மறைப்பு மட்டுமன்று; நினைவுப் பலகையும் ஆயிற்று.

இவ்வளவும் அறிந்தபின் மகனும் நானும் அளவுகோலுடன் உட்கார்ந்தோம். எங்கள் முடிவுகளை, இத்தகைய பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலாவது உயரம். அலுவலகத்தில் பயன்படும் ஏ-நான்கு தாளை நெடுக்காக நிறுத்தினால் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அமர்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தில் பாதி அதற்குள் போய்விடும். குறுக்காக வைத்தால் 21 சென்டிமீட்டரே. குறிப்புகள் மறையும்; முகம் மறையாது. கதை சொல்பவனின் கண்ணைக் காணாவிடில் கதை எவ்வாறு உள்ளே இறங்கும்?

இரண்டாவது அகலம். குறுக்குத் தாள் நான்கை இணைத்தால் 119 சென்டிமீட்டர் ஆகும். எங்கள் மேசையில் தட்டு வைக்கவும் இடமிராது. மூன்று மடிப்பே, 89 சென்டிமீட்டரே போதும்.

மூன்றாவது உட்புறம். அச்சிட்ட பட்டியலைவிட, தாளைச் செருகி மாற்றத்தக்க உறைகள் உள்ள திரை நல்லது. ஆட்டத்துக்கு ஆட்டம் தேவை மாறும்.

இவற்றையெல்லாம் கருதிய பிறகு, விலைக்கு வாங்காமல் பழைய கோப்பு அட்டைகள் மூன்றைத் துணி நாடாவால் ஒட்டி நாங்களே ஒரு திரை செய்துகொண்டோம். வெளிப்புறத்தில் பழைய நாட்காட்டியிலிருந்த மாமல்லபுரக் கடற்கரைக் கோயிற் படத்தை என் மனைவி ஒட்டிக்கொடுத்தாள்.

நான்காவதாக ஒன்று உண்டு. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. பகடையைத் திரைக்கு வெளியே உருட்டவேண்டும் என்றேன். மகன் சற்றுத் தயங்கினான். “சில வேளைகளில் அவர்கள் தோற்காமலிருக்க எண்ணை மாற்றிச் சொல்லியிருக்கிறேன் அப்பா. அவன் வீரன் மாண்ட அன்றுதான் மாற்றவில்லை” என்றான். நான் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எங்கள் சாளரத்தைப் பற்றிக் கூறினேன். பயணியரை நோக்கித் திருப்பிய சிறு காட்சித்திரை வைத்தபின், நான் தட்டுவதை அவர்களும் காண்கின்றனர். இடமில்லை என்னும் செய்தி மாறவில்லை. ஆனால் என்மீதிருந்த ஐயம் பெரிதும் குறைந்தது. இரக்கத்தினால் ஆயினும், மறைவில் ஒருமுறை எண்ணை மாற்றியவன் உண்மை சொல்லும் நாளிலும் நம்பப்படமாட்டான். பூதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது திரைக்குப் பின்னே இருக்கட்டும். அதனோடு போரிட்டவனின் விதி எல்லார் கண்முன்னும் உருளட்டும்.

மகன் நண்பன் வீட்டுக்குத் தானே சென்று, நடந்ததை மறைக்காமல் கூறினான். நான்காம் சனிக்கிழமை ஐந்து காலணிகளும் எங்கள் வாயிலில் இருந்தன. பகடை மேசையின் நடுவே உருண்ட ஓசை அடுக்களை வரை கேட்டது.

இவ்வாண்டு விழாவில் திரை விலகும்போது, அதன் கயிற்றைப் பிடித்திருக்கும் நம் தொண்டரையும் ஒரு கணம் நினைப்போமாக. நாம் காணாத இடத்திலும் தம் கடமையில் வழுவாதவர் அவர்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!