மீனில் ஒளிந்த மருந்தும் ஆஸ்டனின் தராசும்

ஞாயிறு காலை பாப்பாரப்பட்டியில் கெண்டை மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவந்திருந்தால், "ஒகேனக்கல் மீன்தான், புதுசு" என்று பையில் போட்டுக்கொள்வார். ஆற்றின் மேற்பக்கம் எங்கோ ஒரு நோயாளி உட்கொண்ட மருந்து அதன் சதையில் உண்டா என்பதைச் செவுள் சொல்லாது. அதைச் சொல்லும் கருவியின் வரலாறு, வாசகர்களே, நாம் கல்லூரியில் படிக்கும் மின்னிறக்கக் குழாயில் தொடங்குகிறது.

1912-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் நியான் அயனிகளை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்தார். புகைப்படத் தகட்டில் நிறை 20-க்கு ஒரு வளைகோடு. 22-க்கு மங்கலாக இன்னொன்று! அவருடைய உதவியாளர் ஆஸ்டன் 1919-இல் இம்முறையைத் திருத்தி நிறை நிறமாலைக் கருவியை அமைத்தார். அதில் குளோரின் 35, 37 என இரண்டாகப் பிரிந்தது. குளோரினின் அணு எடை ஏன் 35.5 என்ற பழைய புதிரும் அவிழ்ந்தது. 1922-இல் ஆஸ்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் வேதியியலுக்கு. இயற்பியல்காரர்களான எங்களுக்கு இதில் சிறு மனத்தாங்கல் உண்டு.

இதற்கும் மீனுக்கும் என்ன தொடர்பு? 1950-களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான சைக்ளோபாஸ்பமைடு என்னும் புற்றுநோய் மருந்தின் மூலக்கூறில் இரண்டு குளோரின் அணுக்கள் உள்ளன. இயற்கையில் 35-ம் 37-ம் சுமார் 3:1 வீதத்தில் இருப்பதால், அம்மருந்தின் அயனி 261, 263, 265 என்ற மூன்று நிறைகளில் ஏறத்தாழ 9:6:1 வலிமையில் தோன்றும். (3+1)² என்பதை விரித்துப் பாருங்கள், விடை வந்துவிடும். ஆஸ்டன் கண்ட கோடுகளே மருந்தின் கைரேகை!

மீன் சதையை அரைத்து, கரைப்பானில் மருந்தைப் பிரித்து, கொழுப்பை நீக்கிய பிறகே கருவியில் இடமுடியும். 1980-களில் ஜான் ஃபென், திரவத்தை மின்னேற்றிய நுண்துளிகளாகத் தெளித்து, மூலக்கூறு சிதையாமல் அயனியாக்கிக் காட்டினார். இன்று நூறு கோடியில் ஒரு பங்கும் தப்புவதில்லை.

இந்த மருந்து பிரியும் செல்களின் டி.என்.ஏ.வைத் தாக்குவது. மீன் முட்டையோ முழுவதும் பிரியும் செல்கள்! உட்கொண்டதில் ஒரு பகுதி மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது. 1996-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் மருத்துவமனைக் கழிவுநீரில் அதைக் கண்டார்கள். 2005-இல் டெக்சாஸ் ஓடை ஒன்றின் மீன்களில், மூளையிலும் ஈரலிலும் சதையிலும், மனச்சோர்வு மருந்துகள் அகப்பட்டன.

நம் காவிரி? சென்னை ஐ.ஐ.டி.யின் லிஜி பிலிப் குழுவினர் 22 இடங்களில் இரண்டாண்டுகள் நீரைச் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், சிப்ரோஃபிளாக்சசின் எல்லாம் இருந்தன. பெங்களூர்க் கழிவுநீரைச் சுமக்கும் விருஷபாவதி அர்க்காவதியில் சேர்கிறது; அர்க்காவதி காவிரியில் சேர்கிறது. அந்தச் சங்கமத்திற்குக் கீழேதான் ஒகேனக்கல்.