வீரமும் அறச்சார்பியலும்: ஆங்கில அதிகற்பனைக் காவிய நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

வெடிமருந்தும் அச்சியந்திரமும் தோன்றிய பின்னர் காவியத்துக்கு வேண்டிய சமூக நிலைமைகள் அற்றுப்போகின்றன என்பதை 1857இல் எழுதிய குறிப்புகளிலே கார்ள் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். சட்விக் 1912இல் வெளியிட்ட 'வீரயுகம்' என்ற நூலும், பேராசிரியர் கைலாசபதி ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் மேற்கொண்டு 1968இல் நூலாக வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆய்வும், வீரம் குறிப்பிட்டதொரு சமூகக் கட்டத்தின் விளைபொருள் என்பதை நமக்கு உணர்த்தியுள்ளன. அவ்வாறாயின், கைத்தொழில் முதலாளித்துவம் முதிர்ந்த இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், இருபதாம் நூற்றாண்டிலே, வாளும் மன்னரும் மந்திரமும் நிறைந்த உரைநடைக் காவியங்கள் பெருந்தொகையில் வாசிக்கப்பட்டமைக்குக் காரணம் யாது? 'தப்பித்தல் இலக்கியம்' என்ற ஒரு சொல்லால் இவ்வினாவைத் தள்ளிவிடும் முற்போக்கு விமர்சகரும் உளர். அது சோம்பலான விமர்சனம்.

ஜே. ஆர். ஆர். ரொல்கீன் (1892–1973) ஒக்ஸ்போட்டிலே பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். பெயோவுல்ஃப் காவியம் பற்றி 1936இல் அவர் ஆற்றிய உரை அத்துறை ஆய்வின் திசையையே மாற்றியது. ஆயினும், 1954–55இல் மூன்று பாகங்களாக வெளிவந்த 'மோதிரங்களின் தலைவன்' நாவலை அவரது புலமையைக் கொண்டு மட்டும் விளங்கிக்கொள்ளல் இயலாது. 1916இல் சொம் போர்முனையில் அவர் சமிக்ஞை அதிகாரியாகப் பணியாற்றினார். நெருங்கிய நண்பர்களை அப்போர் பலிகொண்டது. இயந்திரத் துப்பாக்கியின் முன்னே தனிமனித வீரம் பொருளற்றுப்போனதைக் கண்ணாரக் கண்ட தலைமுறை அது. எனவே அவரது நாயகன் அக்கிலீசு அல்லன். மோதிரத்தை அழிக்கச் செல்லும் ஃபுரோடோ இறுதிக் கணத்தில் தோற்று, அதனைத் தனதாக்கிக் கொள்கிறான். முன்பு இரக்கத்தினால் உயிரோடு விடப்பட்ட கொல்லம் என்னும் இழிந்த பிராணியினாலேயே காரியம் நிறைவெய்துகிறது. அனைத்தையும் தாங்கி நிற்பவன் தோட்டக்காரனான சாம். போர்முனையிலே தாம் கண்ட சாதாரண சிப்பாய்களினதும் அதிகாரிகளின் ஏவலாளரினதும் பிரதிபிம்பமே சாம் என ரொல்கீன் கூறியுமுள்ளார். உழைக்கும் மனிதனின் மேன்மையை அவர் கண்டார். ஆனால் எசமானுக்கு ஆற்றும் விசுவாசம் என்ற வடிவிலன்றி வேறெவ்வகையிலும் அதனைக் காண அவரால் முடியவில்லை.

அவரது அறவுலகின் விரிசல் 'ஓர்க்' என்னும் இனத்தில் வெளிப்படுகின்றது. ஓர்க்குகள் இரக்கத்துக்கு அப்பாற்பட்டோராகக் கொல்லப்படுகின்றனர். இறைவனின் படைப்பில் மீட்சியே அற்ற இனமொன்று இருத்தல் கூடுமோ என்ற ஐயம் கத்தோலிக்கரான ஆசிரியரை இறுதிக்காலம் வரை அலைக்கழித்தது. மறைவின் பின் வெளியான குறிப்புகளில் ஒன்றையொன்று மறுக்கும் விளக்கங்களை அவர் எழுதிப் பார்த்திருத்தலைக் காணலாம். நமக்கோ இது இறையியற் சிக்கலன்று. சாட்டையின்கீழ் உழைப்பதும் போரிடுவதுமன்றி வேறு வாழ்வறியாத ஒரு கூட்டத்தைத் தீயோராக்கிக் காண்பது யாருடைய பார்வை என்பதே நமது வினா.

இதற்கெதிரான குரல் இங்கிலாந்திலேயே எழுந்தது. மைக்கல் மூர்க்கொக் 1961இல் அறிமுகஞ் செய்த எல்ரிக், நோயுற்றதொரு பேரரசன். கொள்ளையர் படையைத் தானே நடத்திச்சென்று தன் தலைநகரை அழிக்கிறான். அவன் காதலி அவனது வாளுக்கே இரையாகிறாள். நன்மை, தீமை என்பவற்றின் இடத்தை ஒழுங்கு, குழப்பம் என்னும் சக்திகள் பெறுகின்றன. பேரரசு கலைந்துகொண்டிருந்த காலத்துப் பிரித்தானியாவில் இத்தகைய நாயகன் தோன்றியமை வியப்பன்று. 1978இல் எழுதிய கட்டுரையொன்றில் மூர்க்கொக், ரொல்கீனின் நடை நடுத்தர வர்க்கத்துக்குப் பாடும் தாலாட்டு என்ற கருத்துப்படச் சாடினார். சாடலிற் பெரும்பகுதி பொருந்துவதே. ஆனால் சொம் போர்க்களத்தின் நிழலை அவர் போதியளவு கணக்கிலெடுக்கவில்லை என்பது நமது கருத்து.

வியட்நாம் போரில் பங்குகொள்ள மனச்சாட்சியின் பேரில் மறுத்த ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், 1996இல் 'சிம்மாசனங்களின் ஆட்டம்' நாவலுடன் தமது தொடரைத் தொடங்கினார். ரொல்கீனின் நல்லரசன் அரகோர்னின் வரிக்கொள்கை யாது, போரின் பின் ஓர்க்குக் குழந்தைகளை அவன் என்செய்தான் என 2014இல் நேர்காணலொன்றில் அவர் வினவினார். பொருள்முதல்வாதிகள் எழுப்பியிருக்க வேண்டிய வினாக்கள் இவை! எனினும், 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரின் வழியாக இக்கதை உலகெங்கும் பரவியபோது, எல்லோரும் ஒருவகையிற் கயவரே, ஆதலின் எவரையும் குறைகூறுவதற்கில்லை என்ற மனநிலையும் உடன் பரவிற்று.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டை நாம் மனங்கொள்ளல் வேண்டும். இதுவரை நிலவிய அறக்கோட்பாடுகள் வர்க்க அறங்களே என்பதை எங்கெல்ஸ் 1878இல் டூரிங்குக்கு எதிரான நூலில் நிறுவினார். ஆனால், அறத்துறையிலும் மனிதகுலம் முன்னேறியே வந்துள்ளது என்பதையும் அவர் அங்கேயே வலியுறுத்தினார். அறம் வரலாற்றுக்குட்பட்டது என்பது வேறு. அறங்கள் அனைத்தும் சமம் என்பது வேறு. பின்னையது, சிம்மாசனத்தில் எவர் அமரினும் கவலையற்றிருக்கக்கூடியோரின் தத்துவம்.

மார்ட்டினின் சிறந்த பகுதி இவ்வேறுபாட்டை அறிந்தே எழுதப்பட்டது போலும். 2005இல் வெளியான நான்காம் நாவலில், வெறுங்காலுடன் கிராமங்கள் தோறும் அலையும் மெரிபால்ட் என்ற எளிய மதகுரு, படையை விட்டோடிக் கொள்ளையராய்த் திரியும் 'உடைந்த மனிதர்' பற்றிப் பேசுகிறான். பிரபுவின் அழைப்புக்கிணங்கி அரிவாளும் மண்வெட்டியும் ஏந்திச் சென்ற குடியானவர். பசியும் நோயும் கண்டு, உடன்பிறந்தார் மடிதலைக் கண்டு, எதற்காகப் போரிடுகின்றோம் என்பதறியாமலே சிதைந்தவர். அவர்கள் செய்யும் கொடுமைகளை அவன் மறைக்கவில்லை. ஆனால் அக்கொடுமை எங்கே உற்பத்தியாகின்றது என்பதைக் காட்டிவிடுகிறான். இது அறச்சார்பியலன்று. எனினும் இந்த உடைந்த மனிதருள் ஒருவனது கண்கொண்டு கதை நகர்த்தப்படவில்லை. அத்தியாயங்களைத் தம் பார்வையில் நடத்திச்செல்வோரிற் பெரும்பாலோர் பிரபு குலத்தினரே. கடத்தற்காரனாயிருந்து வீரப்பட்டம் பெற்ற டாவோஸ் போன்றோர் விதிவிலக்கு.